ஒரு வேட்டிக்கு எத்தனை கெஜம் நூல்? 1921 கதர் கண்காட்சிக்குக் கணக்கு தேவை

மேலமாசி:
எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர் 22க்குப் பள்ளியில் கதர் இயக்கம் பற்றி ஒரு சின்னக் கண்காட்சி. படம் ஒட்டிப் பத்து வரி எழுதி முடித்துவிடாமல், ஒரு நாலு முழ வேட்டிக்கு எவ்வளவு பருத்தி, எவ்வளவு நூல், எத்தனை மணி நேர உழைப்பு என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். முதல் பலகையில் "1921 செப்டம்பர் 22: காந்தியடிகள் மதுரையில் கதர் உடுத்தத் தொடங்கிய நாள்" என்று எழுதலாமா? பெட்டி ராட்டை ஒன்று இரவல் கிடைக்கிறது. பஞ்சு தலையணைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று யோசனை. தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

நூற்புக்காரி:
தம்பி, மூன்றையும் மாற்றணும். முதலில் பலகை. காந்தி அதற்கு முன்பே கதர்தான் கட்டிக்கொண்டிருந்தார். மதுரையில் மாறியது துணி இல்லை, துணியின் அளவு. மேலமாசி வீதியில், இப்போது கீழே காதிக் கடை இருக்கும் அந்த வீட்டில் இரவு தங்கியவர், மறுநாள் காலை சட்டையும் குல்லாவும் இல்லாமல் முழங்கால் அளவுத் துண்டோடு வெளியே வந்தார். அதுவும் அன்றைக்கு "இனி ஆயுசுக்கும்" என்று சொல்லவில்லை. அக்டோபர் 31 வரைக்காவது என்றுதான் அறிக்கை. அது பிறகு கடைசிவரை நீண்டது. பலகையில் இந்த அக்டோபர் 31ஐக் கட்டாயம் போடுங்கள்.

இரண்டாவது, பெட்டி ராட்டை. 1921ல் அது கிடையாது. காந்தி புனே எரவாடா சிறையில் இருந்த 1930களின் தொடக்கத்தில் உருவானது. 1921 என்று தலைப்பு வைத்தால் பெரிய சக்கரமுள்ள நின்ற ராட்டைதான் வைக்கணும். அது கிடைக்காவிட்டால் தக்ளி (கையால் சுழற்றி நூற்கும் சிறு கதிர்) போதும், தப்பில்லை.

மூன்றாவது, பஞ்சு. தலையணைக் கடையில் தருவது பெரும்பாலும் போடிப் பக்கத்து இலவம் பஞ்சு. அதை நூற்கவே முடியாது. பருத்தி இழை காய்ந்ததும் தட்டையாகி நாடா மாதிரி தானே முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்குதான் ஒரு இழையை இன்னொரு இழை பிடித்துக்கொள்ள வைக்கிறது. இலவம் இழை உருண்டை, வழவழப்பு, வழுக்கிக்கொண்டு போய்விடும். மருந்துக்கடைப் பஞ்சும் வேண்டாம். பருத்திதான், ஆனால் மேலே இருக்கும் இயற்கை மெழுகை எடுத்து வெளுத்திருப்பார்கள். நூல் இழுக்கும்போது கட்டி கட்டியாக வரும். கொட்டையோடு பருத்தி வாங்கி நீங்களே கொட்டை எடுத்து வில்லால் அடித்துப் பிரியுங்கள், இல்லையென்றால் காதி நிலையத்தில் பட்டையாக (நூற்கத் தயாராகச் சுருட்டிய பஞ்சு) கேட்டு வாங்குங்கள்.

பாவடித்தெரு:
அக்கா சொன்னது சரி. கணக்கு நான் போடுகிறேன்.

நாலு முழம் என்றால் 2 கெஜம் நீளம். அகலம் 45 அங்குலம், அதாவது ஒன்றேகால் கெஜம். சாதாரண முரட்டுக் கதருக்கு அங்குலத்துக்குப் பாவு (நீளவாக்கு நூல்) 36 இழை, ஊடை (குறுக்குவாக்கு நூல்) 36 இழை என்று வைத்துக்கொள்வோம்.

பாவு: 45 × 36 = 1,620 இழை. ஒவ்வொன்றும் 2 கெஜம். 3,240 கெஜம்.
ஊடை: 72 அங்குல நீளத்துக்கு 72 × 36 = 2,592 தடவை நாடா (ஊடை நூலைக் கொண்டு ஓடும் கட்டை) ஓடணும். ஒவ்வொரு ஓட்டமும் ஒன்றேகால் கெஜம். அதுவும் 3,240 கெஜம்.

மொத்தம் 6,480. இழை ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதில் கொஞ்சம் சுருங்கும், தறியில் பாவின் கடைசித் துண்டு வீணாகும், அறுந்தது போகும். பத்து சதவீதம் சேர்த்தால் 7,130 கெஜம். ஆறரைக் கிலோமீட்டர். பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் கோயில் வாசல் வரை போகிற தூரத்துக்குக் கிட்டத்தட்ட வரும். பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால்தான் ஏறும்.

எடை: நூல் நம்பர் என்பது ஒரு ராத்தலில் (454 கிராம்) 840 கெஜச் சிட்டம் (நூல் கற்றை) எத்தனை என்பது. 16-ஆம் நம்பர் என்றால் ராத்தலுக்கு 13,440 கெஜம். நம் 7,130 கெஜம் அரை ராத்தலுக்குக் கொஞ்சம் மேலே, 240 கிராம். நூற்பதிலும் வில் அடிப்பதிலும் கழிவு போகும், ஆகவே 280 கிராம் பஞ்சு வேண்டும். கொட்டைப் பருத்தியில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு. ஆக 850 கிராம் கொட்டைப் பருத்தி.

மேசையில் நாலு தட்டு வையுங்கள்: 850 கிராம் பருத்தி, 280 கிராம் பஞ்சு, 240 கிராம் நூல், மடித்த வேட்டி. இதைவிட நல்ல பலகை கிடையாது.

மேலமாசி:
மிக்க நன்றி ஐயா. மணிக்கணக்கு? நூலின் நம்பரை நாங்களே எப்படிக் கண்டுபிடிப்பது?

நூற்புக்காரி:
நம்பர் பார்ப்பது லேசு. சுற்றளவு சரியாக ஒரு மீட்டர் வருகிற சட்டத்தில் 100 சுற்று சுற்றுங்கள். நகைக்கடைத் தராசில் எடை போடுங்கள். 59ஐ அந்த கிராமால் வகுத்தால் நம்பர். 5.9 கிராம் என்றால் 10-ஆம் நம்பர். 3.7 கிராம் என்றால் 16. சாதாரணச் சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது, அதில் போட்டால் 14க்கும் 16க்கும் வித்தியாசம் தெரியாது.

நேரம்: நின்ற ராட்டையின் சக்கரம் 24 அங்குலம், கதிரில் (நூலை முறுக்கிச் சுற்றும் கம்பி) கயிறு ஓடும் இடம் அரை அங்குலம் என்றால், சக்கரம் ஒரு தடவை சுற்ற, கதிர் 48 தடவை சுற்றும். 16-ஆம் நம்பருக்கு அங்குலத்துக்கு 16 முறுக்கு வேண்டும். (நம்பரின் வர்க்கமூலத்தை நாலால் பெருக்கினால் பாவு நூலுக்கான முறுக்கு. ஊடைக்குக் கொஞ்சம் குறைக்கலாம்.) ஒரு இழுப்பு 2 அடி, 24 அங்குலம். 24 × 16 = 384 முறுக்கு. 384ஐ 48ஆல் வகுத்தால் 8. ஒரு இழுப்புக்குச் சக்கரம் எட்டுச் சுற்று. இதைப் பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். ஆறில் நிறுத்தினால் நூல் பொசுபொசுவென்று பிரியும். பத்துக்குப் போனால் நூலைத் தளர விட்டதும் பாம்பு மாதிரி சுருட்டிக்கொள்ளும், தறியில் முடிச்சு விழும்.

நிமிஷத்துக்கு 60 சுற்று விடாமல் சுற்றினால் மணிக்கு 300 கெஜம் வரும். ஆனால் ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் நூலைக் கதிரில் ஏற்றணும், அறுந்ததை ஒட்டணும், பட்டை மாற்றணும். அதனால் 300 எடுக்க வேண்டுமென்றால் கை இன்னும் வேகமாகப் போகணும். வருஷக்கணக்கில் பழகிய கைக்கு 300. புதுக்கைக்கு 100 வந்தாலே நல்லது. ஒரு வேட்டிக்கு நல்ல கை 24 மணி நேரம், புதுக்கை 70 மணி நேரம். கொட்டை எடுப்பதும் வில் அடிப்பதும் தனி.

தவறு எங்கே நடக்கும் என்றால், பத்துக்கு எட்டுத் தடவை கதிரில்தான். கதிர் முடி அளவு வளைந்திருந்தாலும் நுனி துள்ளும், துள்ளும்போதெல்லாம் நூல் அறும். கண்ணாடித் தட்டில் உருட்டிப் பாருங்கள், ஆடாமல் உருளணும். அடுத்தது கயிறு வழுக்குவது. சக்கரம் சுற்றும், கதிர் பின்தங்கும், எட்டுச் சுற்றுக் கணக்கு பொய்யாகிவிடும். கயிற்றில் தேன்மெழுகோடு கொஞ்சம் குங்கிலியம் சேர்த்துத் தேய்த்தால் பிடிக்கும். பட்டையை இடது கையில் பூ மாதிரி பிடிக்கணும், இறுக்கினால் கட்டி விழும்.

கூட்டல்கழித்தல்:
கணக்கு அருமை. ஆனால் இதே கணக்கை நாட்டுக்குப் போட்டால் என்ன வருகிறது என்பதையும் கண்காட்சியில் வைக்கணும். 1921 ஏப்ரல் தொடக்கத்தில் பெசவாடாவில் (இன்றைய விஜயவாடா) காங்கிரஸ் கமிட்டி வைத்த இலக்கு: ஒரு கோடி உறுப்பினர், ஒரு கோடி ரூபாய், 20 லட்சம் ராட்டை. அந்த 20 லட்சமும் நாளுக்கு 2 மணி நேரம், நல்ல கை வேகத்தில், ஓடியது என்றே வைப்போம். ராட்டைக்கு 600 கெஜம். மொத்தம் 120 கோடி கெஜம் நூல். பாவடித்தெரு ஐயா கணக்குப்படி ஒரு கெஜம் துணிக்கு 3,565 கெஜம் நூல். நாளுக்கு மூன்றரை லட்சம் கெஜம் துணிகூட வராது, 3.37 லட்சம்தான். வருஷத்துக்கு 12.3 கோடி கெஜம்.

முதல் உலகப் போருக்கு முன் 1913-14ல் இந்தியாவுக்குள் இறங்கிய துணி 300 கோடி கெஜத்துக்கு மேல். ஆக நூற்றுக்கு நாலு. எல்லாம் சரியாக நடந்தாலே நாலு. அந்நியத் துணி குறைந்தது உண்மை, ஆனால் அந்த இடத்தைப் பெரும்பாலும் பிடித்தது நம்மூர் மில்கள். கதர் மான்செஸ்டரை விரட்டியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சரியா என்பதுதான் என் கேள்வி.

கரிசல்மண்:
இது கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் நூறில் நாலு என்பதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும்.

மில் துணி ஏன் அந்த இடத்தைப் பிடிக்க 1920கள் வரை காத்திருந்தது? 1894ல் இறக்குமதித் துணிக்கு ஐந்து சதவீதம் தீர்வை போட்டார்கள். லங்காஷயர் (மான்செஸ்டர் பக்கத்து) மில்காரர்கள் கூச்சல் போட்டதும் 1896ல் அதை மூன்றரையாகக் குறைத்து, இந்திய மில்லில் நெய்த துணிக்கும் அதே மூன்றரை சதவீதம் கலால் போட்டுச் சமப்படுத்தினார்கள். சொந்த ஊர் சரக்குக்கு வெளியூர் சரக்கோடு சமமாக வரி. 1917ல் இறக்குமதித் தீர்வை ஏழரை ஆனது, 1921ல் 11. கலால் மூன்றரை மட்டும் 1925 டிசம்பர் வரை ஒட்டிக்கொண்டே இருந்து, 1926ல்தான் ஒழிந்தது. இதற்கும் ஒரு பலகை வேண்டும்.

நம் பக்கம் பாருங்கள். திருமங்கலம் தாண்டினால் கரிசல். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வரை பருத்திக்காடு. 1875ல் மதுரைக்கு ரயில் வந்தது, அடுத்த வருஷம் தூத்துக்குடி வரை போனது. பஞ்சுப் பொதி தெற்கே போய்க் கப்பல் ஏறியது, மான்செஸ்டர் துணி உள்ளே வந்தது. மானாவாரிப் பருத்தி ஐப்பசி மழைக்கு விதைத்தால் பங்குனி, சித்திரையில் எடுப்பு. அதற்கப்புறம் அடுத்த ஐப்பசி வரை காட்டில் பெரிய வேலை இல்லை. அந்த மாதங்களில் சும்மா கிடக்கும் கைக்கு, வாசலில் விளையும் பஞ்சில், ராட்டை ஒன்றின் விலையில் வேலை. மில்லோடு போட்டி போட்டு ஜெயிக்கும் தொழில் என்று அதை அளந்தால் தோற்கும். பூஜ்யம் கூலியோடு அளந்தால் ஜெயிக்கும். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பருத்தி வகையும் சொல்லிவிடுகிறேன். கருங்கண்ணி குட்டை இழை, 10 முதல் 20 வரைக்குக் கைக்கு அடங்கும். கம்போடியாப் பருத்தி 1900களின் தொடக்கத்தில்தான் வந்தது, இழை நீளம், மெல்லிய நூலுக்கு அதுதான்.

பாவடித்தெரு:
கூட்டல்கழித்தல் தம்பி சொன்ன நாலு சதவீதத்தில் இன்னொரு ஓட்டை இருக்கிறது, அதையும் சேர்க்கணும். நூற்றதெல்லாம் துணியாகவில்லை.

மதுரைத் தறிகள் அன்றைக்கு மெல்லிய நூலுக்குப் பழகியவை. நெசவாளர் பாவு போட்டதே மில் நூலில்தான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1892ல் வெள்ளைக்காரர் தொடங்கிய ஹார்வி மில் முக்கியமாக நூல் மில். அதன் நூல் கைத்தறிக்குத்தான் போனது. அப்படிப்பட்ட தறிக்குக் கொண்டுபோய் 10-ஆம் நம்பர் கைநூலைக் கொடுத்தால் என்ன ஆகும்? அச்சுப் பல்லின் (பாவு இழைகளைப் பிரித்து வைக்கும் சீப்பு) இடைவெளியில் நூலின் தடித்த இடம் நுழையாது, உரசி அறும். 1,620 பாவு இழையில் ஒன்று அறுந்தாலும் தறியை நிறுத்தி, இழையைத் தேடி, விழுதிலும் (பாவை ஏற்றி இறக்கும் கண்ணி) அச்சிலும் திரும்பக் கோத்து முடியணும். ஊடை அறுந்தால் நாடாவை எடுத்து மறுபடி விட்டால் போதும். அதனால்தான் நெசவாளர் கைநூலை ஊடைக்கு மட்டும் வாங்கிக்கொண்டு, பாவுக்கு மில் நூலே போட்டார்கள். அதுதான் அரைக்கதர். நெசவாளரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. நாள் முழுக்க அறுந்ததை முடிந்துகொண்டிருந்தால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

கைநூலைப் பாவுக்குத் தாங்க வைக்க இரண்டு வழி. ஒன்று நூற்பவர் முறுக்கை ஏற்றித் தனியாகப் பாவு நூல் நூற்பது. இன்னொன்று கஞ்சி. அரிசிக் கஞ்சியோ கேழ்வரகுக் கஞ்சியோ காய்ச்சி வடிகட்டி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு, விடியற்காலையில் தெருவில் பாவை விரித்துக் குச்சத்தால் (பெரிய தூரிகை) ஒரே திசையில் நீவணும். வெயில் ஏறுவதற்குள் முடிக்கணும், இல்லையென்றால் பாதியில் காய்ந்து இழைகள் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் குறைந்தால் நூல் முறுமுறுவென்று ஒடியும், கூடினால் கஞ்சியே பிடிக்காது. மழைக்காலத்தில் இந்த வேலை நடக்காது. ஐப்பசி, கார்த்திகையில் கதர் வரத்து குறைந்தால் ராட்டை நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை, தெரு காயவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு விகிதம்: ஒரு தறியில் நாளுக்கு 4 கெஜம் நெய்தால் 14,260 கெஜம் நூல் தின்னும். மணிக்கு 300 வீதம் 47 மணி நேர நூற்பு. முழுநாள் நூற்பவர் ஆறு பேர், நாளுக்கு 4 மணி நேரம் நூற்பவர் என்றால் 12 பேர் ஒரு தறிக்குப் பின்னால் நிற்கணும். அந்த 12 பேர் நூலும் ஒரே நம்பராக இருக்கணும். இல்லையென்றால் துணி பட்டை பட்டையாக வரும். அங்கேதான் பெரிய சிக்கல். நூலை வாங்கும் இடத்தில் நம்பர் பார்த்துப் பிரிக்கிற ஆள் இல்லாத ஊரில் கதர் நிலைக்கவில்லை.

மேலமாசி:
ஐயா, அப்படியென்றால் அந்நியத் துணியை விட்டவர்களுக்கு மாற்றுத் துணி எங்கிருந்து வந்திருக்கும்?

நூற்புக்காரி:
வரவில்லை தம்பி. அதுதான் செப்டம்பர் 22. இதை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

அந்நியத் துணியை முழுக்க விடக் காங்கிரஸ் வைத்திருந்த கெடு 1921 செப்டம்பர் 30. ராட்டைக் கணக்கு நூற்றுக்கு நாலு. மதுரைக்கு வரும் ரயிலில் காந்தி பேசிய மக்கள் சொன்னது, கதர் வாங்க எங்களுக்கு வசதி இல்லை என்பது. நூலைக் கூட்ட முடியாவிட்டால் துணியைக் குறைக்கணும். வேறு வழி அந்தக் கணக்கில் இல்லை. எட்டு முழ வேட்டி 4 கெஜம், ஜிப்பா 3 கெஜம், ஆக 7 கெஜம். 25,000 கெஜம் நூல், 83 மணி நேரம். முழங்கால் துண்டு ஒரு கெஜம் என்று வைத்தாலும் 12 மணி நேரத்தில் முடிகிறது. ஏழு பேருக்கு ஒரு ஆள் துணி. துணி கிடைக்காதவர்கள் அரைத்துண்டோடு இருந்தால் போதும் என்று சொல்லணும், அதைத் தான் கட்டாமல் மற்றவர்களுக்குச் சொல்ல முடியாது. ஏழைகளோடு ஒன்றாக நின்றார் என்பது உண்மை. ஆனால் அதற்குள்ளே ஒரு பஞ்சக் கணக்கு இருக்கிறது. மதுரையில் இருந்துகொண்டு நாம் அதைச் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

கூட்டல்கழித்தல்:
அக்கா, இந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை. வரத்துப் பக்கம் மட்டும் கூட்டினேன், தேவைப் பக்கத்தைக் கழிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 1924ஐ விட்டுவிடாதீர்கள். பெல்காம் காங்கிரஸில் உறுப்பினர் சந்தா நாலணாவுக்குப் பதில் மாதம் 2,000 கெஜம் கைநூல் என்று மாற்றினார்கள். உங்கள் கணக்குப்படி 16-ஆம் நம்பரில் அது 67 கிராம், ஏழு மணி நேரத்துக்குக் குறைவான வேலை. ஆனாலும் நிலைக்கவில்லை. நூற்க மனமில்லாதவர் அடுத்தவர் நூற்ற நூலைக் கொடுக்கலாம் என்று விதியிலேயே இடம் இருந்தது. காசு கொடுத்து நூல் வாங்கிக் கட்டினால் அது நாலணாவேதானே. 1925 செப்டம்பரில் பாட்னாவில் பழைய சந்தாவும் செல்லும் என்று ஆக்கினார்கள், அதே கூட்டத்தில் அகில இந்திய நூற்போர் சங்கம் தனியாகப் பிறந்தது. 67 கிராம் நூல் ஒன்றைச் சிட்டமாக்கி "ஒரு மாதச் சந்தா" என்று எழுதி வையுங்கள். கையில் தூக்கிப் பார்க்கட்டும்.

கரிசல்மண்:
நல்ல யோசனை. கடைசிப் பலகைக்கு ஒன்று: ராட்டையின் வேகத்தை உடைக்க 1929ல் நூற்போர் சங்கம் ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. யாரும் வாங்கவில்லை. பிறகு சுதந்திரம் வந்தபின் 1949ல் திருநெல்வேலிச் சீமை பாப்பான்குளத்து ஏகாம்பரநாதன் செய்ததுதான் அம்பர் ராட்டை. ஒரு கைப்பிடியில் பல கதிர். நம் பக்கத்து மனிதர், பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இருக்காது. அவர் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதுங்கள்.

மேலமாசி:
எல்லாம் குறித்துக்கொண்டேன். தமுக்கம் காந்தி அருங்காட்சியகத்துக்கும் பிள்ளைகளை அதே வாரம் கூட்டிப்போகிறோம். கடையில் வாங்கும் வேட்டி உண்மையிலேயே கைநூலா என்று பிள்ளைகளே சோதிக்க வழி உண்டா?

பாவடித்தெரு:
உண்டு. ஓரத்திலிருந்து பாவு இழை ஒன்று, ஊடை இழை ஒன்று, ஒரு சாண் நீளம் உருவுங்கள். கறுப்புத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் அங்கங்கே தடித்து மெலிந்து இருந்தால் கைநூல். ஊடை மட்டும் ஏற்ற இறக்கமாக இருந்து பாவு கம்பி மாதிரி ஒரே சீராக இருந்தால் அரைக்கதர் என்று சந்தேகப்படலாம். ஆனால் அம்பர் ராட்டை நூலும் ஓரளவு சீராகத்தான் வரும், இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பிறகு ஆசிரியர் கையால் இழையைக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டால் பாலியஸ்டர் கலந்தது.

நூற்புக்காரி:
தம்பி, இன்னும் ஒன்று. ராட்டையை மின்விசிறிக்குக் கீழே வைக்காதீர்கள், பட்டை பறக்கும், நூல் உலர்ந்து அறும். அன்றைக்கு மழை பெய்தால் பட்டையைக் காலையில் ஒரு மணி நேரம் வெயில் படும் இடத்திலோ அடுப்படிப் பக்கத்திலோ வைத்துவிட்டு எடுங்கள். மாற்றுக் கதிர் இரண்டு, மாற்றுக் கயிறு ஒன்று மேசைக்கு அடியில் இருக்கட்டும். முதல் பத்துப் பிள்ளை சுற்றியதும் கதிர் வளைந்துவிடும்.